மூடிய கைக்கு இரண்டு பொருள்

பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று அம்மா போனில் எழுதினாள். போன வாரம் வீடியோவில் அவள் போனை உங்கள் பக்கம் திருப்பியதும் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். காது கேட்காத மகளிடம் கையை ஒளிப்பதற்குப் பதில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கலாம். அதனால்தான் கடிதம். தபால்காரர் நீட்டினால் வாங்குவதற்காவது கையை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்.

வேலை விஷயமாக எழுதுகிறேன். சமாதானத்துக்கு அல்ல.

சைகை மொழி அகராதியில் எனக்குச் செடிகொடிப் பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சைகைக்கும் படம், பக்கத்தில் அதன் பொருள். புல்லுக்கும் நெற்றுக்கும் நம் வீட்டுச் சைகைகளைக் கொடுத்தேன். புல்லுக்கு இடது கையைத் தரைபோல் படுக்கவைத்து, அதன் பின்னாலிருந்து வலது கை விரல்களை எழுப்பி அசைக்க வேண்டும். நெற்றுக்கு விரல்களை மூடி, மணிக்கட்டைக் குலுக்கி, பிறகு கையைத் திறக்க வேண்டும். புல் எப்போதும் விரிந்தே இருக்கும், காற்றடித்தால் ஆடும். நெற்று மூடியே இருக்கும், காய்ந்து முற்றிய பிறகுதான் வெடித்து விதையைக் கொட்டும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாளும் வெளியே நடந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தலைமைத் தொகுப்பாளரைக் கண்ணாடி அக்கா என்று கூப்பிடுவோம். அவரும் என்னைப் போலப் பிறந்ததிலிருந்தே காது கேட்காதவர். அவருக்கு என் இரண்டு சைகையும் ஒன்றுதான். "ரெண்டும் செடி. விரலை அசைச்சா போதும். உங்க வீட்ல அப்பாவும் மகளும் கையாட்டிக்கிட்டது ஜாடை. மொழின்னா அதைப் பேச ஊர் வேணும்" என்றார்.

அப்பா, நான் ஜாடையில் வளர்ந்தவள் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்கு ஒரு மொழி இருந்தது. அதில் புல் வேறு, நெற்று வேறு. இந்த இரண்டையும் இரண்டு சொல்லாக அந்தப் புத்தகத்தில் ஏற்றாமல் நான் விடப்போவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நம் இருவரைத் தவிர வேறு யாராவது அந்தச் சைகைகளைப் பயன்படுத்துகிறார்களா? இரண்டு வரியில் பதில் போதும். பழமொழி வேண்டாம்.

மகள்

பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு வராது. சலூன்காரனிடம் வந்து உட்கார்ந்து இரண்டே இரண்டு முடியை மட்டும் வெட்டு என்றால் அவன் என்ன செய்வான்?

கையை ஒளித்தது உண்மைதான். சின்ன வயதில் என்னோடு சண்டை வந்தால் நீ என்ன செய்வாய்? கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். நான் எதிரில் நின்று என்ன கையாட்டினாலும் சுவரிடம் பேசியது போலத்தான். அந்த வித்தையை உன்னிடம்தான் கற்றேன்.

உன் வேலைக்கான தேர்வு அன்று ஐந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். உனக்கு மொழிபெயர்க்க வந்த பெண்ணுக்குக் கை நடுங்கியது. எனக்கு வாய் இருக்கிறது, பதில் சொன்னேன். அதற்கு அத்தனை பேர் முன்னால் "வாயை மூடுங்க" என்று காட்டினாய். உன் அம்மாகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருக்கிறாள், ஆனால் வீட்டுக்குள். அன்றைக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியவன், நீ கூப்பிடாமல் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது. பழமொழி வேண்டாம் என்றாய், ஆனால் புல்லைப் பற்றிக் கேட்டது நீதான்.

இனி விஷயம். அந்தச் சைகைகளில் ஒன்றுதான் நீ எனக்கு வைத்த பெயர். நான் மறப்பேனா? ஊரில் எல்லாருக்கும் அவர்களைப் பெற்றவர்கள் பெயர் வைத்தார்கள். எனக்கு நான் பெற்ற பிள்ளை பெயர் வைத்தாள். இதை நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். கழுத்தில் துணியைக் கட்டிய பிறகு சொல்வதால் யாரும் எழுந்து ஓட முடியாது.

வேறு யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டாயே. உன் கண்ணாடி அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கடைக்கு வரச் சொல். நீ வேலைக்குப் போன பிறகு இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. கையால் பேசத் தெரிந்த சலூன்காரன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அதனால் காது கேட்காதவர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். வெல்டர் வருவார், தையற்காரர் வருவார், தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற அண்ணனும் தம்பியும் வருவார்கள். வெட்டி முடித்த பிறகும் பெஞ்சை விட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. காது கேட்கிறவர்கள் உட்கார இடமில்லாமல் வெளியே நிற்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் உன் சைகைகளைச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

உன் மொழிக்கு ஊர் இல்லை என்று யார் சொன்னது?

அப்பா

பிப்ரவரி 27

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடி அக்காவிடம் சொன்னேன். பழமொழியையும் வாயை மூடச் சொன்னதையும் விட்டுவிட்டு, ஊரைப் பற்றிய பகுதியை மட்டும் சொன்னேன். "அப்படின்னா போய்ப் பார்த்துடலாம்" என்றார். பிடிவாதக்காரர், ஆனால் நியாயமானவர்.

கேமராவோடு இரண்டு பேரை அனுப்புகிறார். நான் வரக்கூடாது. சொந்த ஊரில் சொந்தச் சொல்லைத் தேட இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. அவர்கள் கடையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சைகையைக் காட்டி, அதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். கடைக்காரர்கள் இல்லை, பெஞ்சில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் அகராதிக்குப் போகும்.

உங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேமரா ஓடும்போது நீங்கள் வாயையும் திறக்கக்கூடாது, கையையும் ஆட்டக்கூடாது. நீங்கள் என் அப்பா, உங்கள் சாட்சி செல்லாது. உங்களை ஏதாவது கேட்டால் அவர்களைக் கேளுங்கள் என்று பெஞ்சைக் காட்டிவிட்டு முடியைக் கூட்டுங்கள்.

பெஞ்சில் இடமில்லாமல் வெளியே நிற்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கடிதத்தோடு போய் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பெருமையாக இருந்தது. காது கேட்காதவள் நான் ஒருத்தியாக இருந்த வீட்டிலிருந்து கிளம்பிய சொல்லை முன்பின் தெரியாத ஒரு வெல்டர் பேசுகிறார்.

இதை எழுதியதற்காக நான் உங்களைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகள்

மார்ச் 16

அன்பு மகளுக்கு,

வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். வெற்றி நம் பக்கம்.

கேமரா வருகிறது என்று தெரிந்ததும் கடையே மாறிவிட்டது. எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். வெல்டருக்கு முந்தின நாள்தான் வெட்டியிருந்தேன். இருந்தாலும் நாற்காலியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் காற்றில் கத்தரியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நான் பேசவில்லை. உன் மேல் ஆணையாகப் பேசவில்லை. மதியம் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

கேமராவோடு வந்த இருவரில் ஒரு பெண் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டாள். நம் ஆட்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. முதல் சைகை தரையில் நிற்கிற புல், இரண்டாவது சைகை கையில் பிடித்து வெட்டிப் போடுகிற புல் என்று பிரித்துப் பிரித்துக் காட்டினார்கள். வெல்டர் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாவதைத் தலைமுடிக்கும் சொல்வோம், இந்தக் கடைக்கும் சொல்வோம் என்று விளக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நீ எனக்கு வைத்த பெயரை இத்தனை பேர் வரிசையாக நின்று சொல்கிறார்கள். எந்த அப்பனுக்கு இது கிடைக்கும்?

போகும்போது அந்தப் பெண் கடைப் பலகையையும் படம் எடுத்தாள். 'பசும்புல் சலூன்' என்று ஏன் பெயர் வைத்தேன் என்பது உனக்குத்தான் தெரியுமே.

இப்போது உன் கண்ணாடி அக்கா என்ன சொல்கிறார் என்று எழுது.

அப்பா

மார்ச் 21

அப்பா,

இரண்டாவது சைகை புல் இல்லை.

நீங்கள் அனுப்பிய கடிதமும் அவர்கள் எடுத்த படமும் ஒரே நாளில் வந்தன. படத்தை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். வெல்டர் கையை மூடிக் குலுக்கித் திறந்து, வெட்டின புல் என்றார். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் அதையே சொன்னார்கள். கண்ணாடி அக்கா படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாரும்மா. உன் ஊர்லயே ரெண்டும் புல்லுதான்" என்றார். ஜெயித்தவர் முகம் இல்லை அது. எனக்காகப் பாவப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அது நெற்று. ரயில் பாதையை ஒட்டிய புல்வெளியின் ஓரத்தில் ஒரு மரம் இருந்தது, அதன் அடியில் காய்ந்து கிடக்கும். மற்ற பிள்ளைகள் அதைக் காதருகே வைத்து ஆட்டிவிட்டுச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கைக்குள் மூடி ஆட்டினேன். உள்ளே விதைகள் உருண்டு ஓட்டில் மோதுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது என்னை முதுகில் தூக்கிக்கொண்டீர்கள். வழியில் யாரிடமோ நின்று பேசினீர்கள், வழக்கம்போல நிறுத்தாமல். என் கன்னம் உங்கள் முதுகில் இருந்தது. நெற்றுக்குள் உருண்டது போலவே உங்களுக்குள்ளும் ஏதோ உருண்டு மோதியது. அதற்குப் பேச்சு என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு நெற்று என்று பெயர் வைத்தேன்.

புல்லுக்குள் ஒன்றுமே இல்லை அப்பா. பிடித்து ஆட்டினால் கைக்கு எதுவும் தெரியாது.

இத்தனை வருடமும் நான் நெற்று என்று கூப்பிட, நீங்கள் புல் என்று திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள். கடைப் பலகையைப் பார்த்தபோதெல்லாம் பச்சைப் பெயின்ட் மலிவாகக் கிடைத்தது போல என்று நினைத்திருக்கிறேன்.

தேர்வு அன்றும் இதைத்தான் செய்தீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்று, என் பெயரில் நீங்கள் சொன்னது வேறொன்று. இப்போது ஊரையே கூட்டிவைத்துச் செய்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் முதல் வாரம் முடிவு செய்யக் கூட்டம். என் பக்கம் பேச என்னைத் தவிர யாரும் இல்லை.

மகள்

மார்ச் 29

மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கடையைச் சாத்திவிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். "உள்ள ஒண்ணு கெடந்து லொடலொடன்னு ஆடுதுன்னு அந்த வயசுலயே கண்டுபிடிச்சிருக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் அப்படி நினைத்தேன் என்று எழுதிவிடுகிறேன். சீப்பால் ஒரு கொத்து முடியை எடுப்பேன், கையில் பிடிப்பேன், வெட்டி உதறுவேன், கையைத் திறந்து கீழே விடுவேன். நாள் முழுக்க என் கை செய்வது இதுதான். நீ மூடிக் குலுக்கித் திறந்து காட்டியதும், மகள் நம் தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறாள், வெட்டிய புல் என்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வேறு பொருள் இருக்குமோ என்று கேட்கத் தோன்றவே இல்லை. உன் முதல் கடிதத்தில் நெற்று என்று தெளிவாக எழுதியிருந்தாய், அதையும் வெட்டிய புல்லுக்கு அகராதிக்காரர்கள் வைத்த பெயர் என்றே படித்தேன்.

இப்போது தெரிந்த பொருள் அதைவிடப் பெரியது. நான் பேசுவதை உலகத்தில் எல்லாரும் காதால் கேட்டார்கள். பாதிப் பேர் கேட்பது போல நடித்தார்கள். கன்னத்தால் கேட்டவள் நீ மட்டும்தான். அதை நினைத்தால் எனக்குக் கர்வம்கூட வருகிறது. நீ கோபத்தில் எழுதியதைப் படித்துவிட்டுக் கர்வப்படுகிறான் பார் என்று திட்டாதே.

ஆனால் உன் சொல்லைக் கெடுத்துவைத்திருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து, இன்று முதல் இந்தச் சைகை நெற்று, இதுவரை நான் சொன்னது தப்பு என்று காட்டினேன். தையற்காரர் உடனே ஒத்துக்கொண்டார். வெல்டர் மாட்டேன் என்றுவிட்டார். "அது உங்க மக வார்த்தைக்கு அர்த்தம். எங்க வார்த்தைக்கு முடி வெட்டறதுதான். நான் என் பொண்டாட்டிகிட்ட இதைக் காட்டிட்டுத்தான் சலூனுக்கே வரேன், இனிமே நெத்துக்குப் போறேன்னா சொல்லுவேன்?" என்றார். தையற்காரர் விடவில்லை. சொல்லை உண்டாக்கியவள் சொன்னதுதான் பொருள் என்றார். அஞ்சல் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சத்தமே இல்லாமல் கடை இரண்டுபட்டது. நுரை தடவிய முகத்தோடு ஒருவர் நாற்காலியிலிருந்து இறங்கிப்போய் வாதாடினார். கடைசியில் முகத்தைப் பாதியோடு விட்டுவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பினேன்.

வெட்டிய புல் என்ற பொருளை அகராதியில் அடித்துவிடச் சொல். நான் வந்து கூட்டத்தில் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்கிறேன். ஆனால் நீ கூப்பிட்டால்தான் வருவேன்.

அப்பா

ஏப்ரல் 8

அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்தது. உங்களைக் கூப்பிடவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

அன்று வேறு ஒன்றையும் சொல்லவில்லை. வெல்டரும் தையற்காரரும் போட்ட சண்டையை அப்படியே கையால் செய்து காட்டினேன். நுரை தடவிய முகத்தையும் சேர்த்துத்தான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு கேட்டேன். வீட்டு ஜாடைக்காக யாராவது கடையை இரண்டாக்குவார்களா? இதற்கு இதுதான் பொருள் என்று ஊரில் பாதிப் பேர் முரண்டு பிடிக்கிறார்கள் என்றால் அது சொல். என் அப்பா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் தப்பாகப் புரிந்துகொள்வதற்குச் சரியான பொருள் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அது நெற்று.

கண்ணாடி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கழற்றினால் நாங்கள் பேசுவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மறுபடி போட்டுக்கொண்டு, "சரி. ரெண்டு சொல்" என்றார்.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஜெயித்த வேகத்தில், அந்த இரண்டாவது பொருளை நீக்கிவிடலாம், அது என் அப்பாவின் தவறு என்றேன். அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அத்தனை பேர் பேசற பொருளை அடிக்கச் சொல்ற. மொழிக்கு ஊர் வேணும்னு நான் கேட்டேன். நீ காட்டின. இப்ப ஊரை வெளியே போகச் சொல்றியா?" என்றார். என் சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களையே நான் தப்பு என்று தள்ளப் பார்த்தேன்.

அதனால் புத்தகத்தில் இப்படி வருகிறது. புல் தனியாக, அதன் படத்தோடு. நெற்று தனியாக, மூடிய கையின் படத்தோடு. அதற்குக் கீழே: ஒன்று, காய்ந்து முற்றிய விதைக்கூடு. இரண்டு, வெட்டிய புல்; தலைமுடி; சில இடங்களில், முடிதிருத்தும் கடை. இரண்டாவதை அக்காவே தன் கையால் எழுதினார்.

உங்கள் தப்பு அச்சில் ஏறுகிறது அப்பா. எனக்கு அதில் துளியும் வெட்கம் இல்லை. அன்று அறைக்குத் திரும்பும்போது தெருவில் எனக்கு எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கித்தான் போனார்கள், அப்படி நடந்தேன்.

வாயை மூடுங்கள் என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அன்று அது சரி. ஆனால் இப்போது கூப்பிடுகிறேன். ஜூன் 14 மாலை புத்தக வெளியீடு. மேடையில் நான் கையால் பேசுகிறேன். கேட்கிறவர்களுக்காக மொழிபெயர்க்க நல்ல ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள், கை நடுங்காதவர். நீங்கள் வந்து கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மகள்

ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

வருகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். வெல்டர் இரண்டாவது பொருளை மூன்று தடவை கையால் காட்டச் சொன்னார். அகராதியில் ஏறிவிட்டார் அல்லவா, இப்போது பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருகிறார். முதல் பொருள் தன் கட்சி என்று தையற்காரருக்கு அதைவிடப் பெருமை. இருவரும் ஒரே வேனில் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டாமாம். மொத்தக் கடையும் வருகிறது. முன் வரிசைகளைக் காலியாக வைக்கச் சொல், இவர்கள் கையைப் பார்த்தால்தான் கேட்பவர்கள்.

உன் அம்மா எனக்குப் புதுச் சட்டை எடுத்திருக்கிறாள். எந்த நிறம் என்று கேட்டால் அன்றைக்குப் பாருங்கள் என்கிறாள்.

இத்தனை நாள் உனக்காகப் பேசியதற்குக் காரணம் என்ன என்று உட்கார்ந்து யோசித்தேன். உன்னால் முடியாது என்று நான் நினைத்ததே இல்லை. இப்படி ஒருத்தி என் மகள் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான். இனி அந்த அவசரம் இல்லை. நீயே சொல்லிவிட்டாய், அச்சிலும் போட்டுவிட்டாய்.

அன்றைக்குக் கூட்டத்தில் யாராவது மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, மகளைப் பற்றி அப்பா நாலு வார்த்தை பேசுங்கள் என்று நீட்டினால், எனக்குக் காது கேட்காது என்று கையால் காட்டிவிடுவேன்.

அப்பா